எட்டடி நிழலும் ஒரு கூழ்ப் பானையும்

தலையில் கூழ்ப் பானை. கண் தரையில். என் நிழலின் உச்சி விழுந்த இடத்தில் ஒரு ஓட்டாஞ்சில் கிடந்தது. அதைக் குறி வைத்துக்கொண்டு, குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டும்படி அடி மேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே போனேன்.

"ஆறு... ஏழு... எட்டு... எட்டரை!"

கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "இன்னும் அரையடி கீது! நீ ஓட்டுய்யா!"

வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்து இன்னொரு குரல் வந்தது.

"ஏ பொண்ணு! தலைமேல இன்னா?"

"கூழு."

"நிழலு யாருது?"

"இதென்ன கேள்வி? என்னுதுதான்."

"அப்போ கூழுக்கு இன்னாத்துக்குத் தனியா முறை?"

குனிந்து பார்த்தேன். தரையில் என் கழுத்துக்கு மேல் ஒரு தலை, அந்தத் தலைக்கு மேல் சும்மாடு, சும்மாட்டுக்கு மேல் ஒரு பெரிய கறுப்பு உருண்டை. அந்த உருண்டையைத்தான் இத்தனை நாளும் என் தலை என்று அளந்துகொண்டிருந்திருக்கிறேன். ஐயோ!

சிரிக்காதீர்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மகளும் சிரிக்கிறாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவள் இவள். இவளுக்குச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? தலையில் இருப்பது தலைக்குத் தெரியாது. எங்கள் சின்னத்தை ஒருத்தி சுள்ளிக் கட்டோடு வீட்டுக்குள் நுழையப் பார்த்து, நிலைப்படியில் மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து யாரோ இழுக்கிறார்கள் என்று திட்டித் தீர்த்தாள்.

ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்துக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தவர், அதே கிணற்றில் எங்களோடு முறை வைத்து இறைக்கிற முண்டாசுக் கன்னியப்பர்.

எங்கள் கடிகாரம்

இப்போது ஆளுக்கொரு கடிகாரம் கட்டிக்கொண்டு நேரமில்லை நேரமில்லை என்கிறீர்கள். அப்போது எங்களுக்கு வெயில்தான் கடிகாரம், கால்தான் முள். நின்ற இடத்தில் நிழல் எங்கே முடிகிறதோ அதுவரை தன் காலாலேயே அளக்க வேண்டும். நெட்டையாக இருந்தால் நிழலும் நீளம், காலும் நீளம். குட்டையாக இருந்தால் இரண்டும் குட்டை. அதனால் யார் அளந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். காலையில் நிழல் நீண்டு கிடக்கும், வெயில் ஏற ஏறச் சுருங்கும். அது எட்டடிக்கு வந்ததும் முதல் முறை முடிந்தது. அடுத்தவன் மாட்டைப் பூட்டலாம்.

அந்தக் கிணற்றில் அப்படி ஒரு முறை வைக்க வேண்டியிருந்தது. விடிய விடிய ஊறுவதைத்தான் காலையில் இறைக்க முடியும். நடுப்பகல் ஆவதற்குள் தண்ணீர் மொள்ளும் சால் அடித்தரையைத் தட்டும், சேறு வரும். ஒரு நாள் முதல் முறை எங்களுக்கு, அடுத்த நாள் கன்னியப்பர் பக்கத்துக்கு. முதலில் இறைப்பவன்தான் எட்டடியை அளக்க வேண்டும். அளப்பவன் நேர்மையாக அளப்பான் என்பது ஊர் நம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் அளக்கிற வேலை என்னுடையது. என் வீட்டுக்காரரால் மாட்டை விட்டு வர முடியாது. நான் மடை திருப்பிக்கொண்டிருப்பேன். நாத்தனார் கொண்டுவரும் கூழ்ப் பானையை வரப்பில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு வரும் நேரமும் எட்டடி நேரமும் சரியாக இருக்கும். இறக்கி வைத்துவிட்டு அளக்க வேண்டும் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. பானையின் உயரத்துக்கு எங்களுக்குத் தண்ணீர் ஜாஸ்தியாகப் போயிருக்கிறது.

சிவப்பாக வெந்த சோறு

நாங்கள் யார், அந்த ஊருக்கு எப்படி வந்தோம் என்று சொல்லாமல் கிணற்றடியிலேயே நின்றால் எப்படி?

ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் எங்கள் பதினோரு குடும்பம். ஆற்றில் மணலைத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று வரும். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டுப் போனேன். போன சில மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. மேட்டில் புதிதாக வந்த, தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டை ஊறப் போட்ட தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் எங்கள் பக்கம் இறங்கின. சோறு சிவப்பாக வெந்தது. வேட்டியை வெளுத்தால் காவி கட்டினதுபோல் ஆனது. எங்கள் மாமனார் அதையும் கட்டிக்கொண்டு, "காசில்லாம சாமியாராயிட்டேன் பாரு" என்று எல்லாரிடமும் காட்டினார். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

வழி சொன்னவர் காதர் பாய். ஊர் ஊராகப் போய்ப் பச்சைத்தோல் வாங்கி ஆம்பூரில் போடுகிறவர். கவலைச் சாலுக்கு அடியில் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் வால் தொங்கும், அதன் வழியாகத்தான் தண்ணீர் தொட்டியில் கொட்டும். அந்த வால் தோலும் அவரிடம்தான் வாங்குவோம்.

"நம்ம தொழில்ல உங்க தண்ணி போச்சி. நம்ம வாயாலயே ஒரு ஊரு சொல்றேன், போங்க," என்றார். "அணைக்கட்டுன்னு ஒரு ஊரு, அதும் பக்கத்துல. தண்ணி கம்மி, மனுசங்க பரவால்ல."

வண்டி கட்டிக்கொண்டு போனோம். ஏரிக்கு மேற்கே ஊர்ப் பொது நிலம் கிடந்தது. அதில் ஒரே ஒரு கிணறு. ஊர் கூடிப் பேசி நிலத்தைப் பாதியாக்கி, கிழக்குப் பாதியில் எங்களைப் பயிர் வைக்கச் சொன்னார்கள். மேற்குப் பாதி கன்னியப்பர் பொறுப்பு.

"ஒரு வெள்ளாம பாப்போம்," என்றார் நாட்டாமைக்காரர். "ஒத்து வந்தா இருங்க. தகராறு வந்தா வண்டியக் கட்டிக்கினு கெளம்பிடணும்."

இதைச் சொல்லி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கேழ்வரகு நாற்று விரல் உயரம் வந்து நின்றது. அப்போதுதான் நான் பானையோடு பிடிபட்டேன்.

வேப்பமரத்தடி

மறுநாள் காலையில் கிணற்றடியிலேயே ஊர் கூடியது. அன்று எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரும் வழியில் என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஒரு நிமிசம் எறக்கி வெச்சிருக்கலாமே." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதினோரு குடும்பம் மறுபடி வண்டி ஏறினால் அது என்னால்தான் என்று எனக்குப் பயம்.

கன்னியப்பர் எழுந்தார். நல்ல உயரம். தலையில் எட்டு முழ வெள்ளைத் துணி, பெரிய முண்டாசு. அவர் அப்பா இறந்த அன்று ஊரார் கட்டிவிட்டது. அதை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை.

"பதினஞ்சு நாளா பாக்கறேன்," என்றார். "இவங்க முறை அன்னிக்கி நான் அளந்தா ஏழே முக்கா வருது, இந்தப் பொண்ணு எட்டரைன்னு சொல்லுது. நேத்து மரத்துக்குப் பின்னால நின்னு பாத்தா, தலைல பானை! வந்தவங்களுக்கு எடம் குடுத்தா தண்ணியத் திருடறாங்க."

திருடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பயமெல்லாம் போய்க் கோபம் வந்துவிட்டது. என் குணம் அப்படி.

"தப்பு என்னுதுதான்," என்றேன் சத்தமாக. "எறக்காம அளந்துட்டேன். தெரிஞ்சி செய்யல. எவ்ளோ ஜாஸ்தி போச்சின்னு இப்பவே அளந்து பாத்துக்கோங்க. அவ்ளோ தண்ணியும் திருப்பிக் குடுக்கறோம்."

அளந்தார்கள். வெறுந்தலையோடு எட்டடி. பானையோடு ஒன்பதரை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தோல் வாங்க வந்து, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்ட காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"அரே, ஆட்ட எடை போடறப்ப அதும்மேல குந்திக்கினு கீற காக்காவயும் சேத்தா எடை போடுவாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கன்னியப்பர்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார். சிரித்தபோது அவர் தலை ஆடியது. தலையோடு தரையில் ஒரு பெரிய நிழல் ஆடியது. நான் அதைப் பார்த்தேன். ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியுமா?

"பெரியவரே," என்றேன். "உங்க தலைமேல இன்னா?"

சிரிப்பு நின்றது.

"முண்டாசு," என்றார் அவர்.

"நிழலு யாருது?"

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். காதர் பாய் மெதுவாகச் சொன்னார்: "காக்கா அங்கயும் குந்திக்கினு கீது, தோஸ்த்."

அளந்தார்கள். எனக்கு எட்டடி வந்த அதே வெயிலில் அவருக்கு முண்டாசோடு எட்டே முக்கால் வந்தது. முதலில் சிரித்தது அவர் மனைவி பட்டம்மாதான். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. "தூங்கறப்பகூட அந்த மூட்டய எறக்க மாட்டாரு! நான் சொன்னா கேக்கறாரா?" என்றாள். அதற்குள் பின்னால் இருந்த ஒருவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார். ஏரி மடையிலும் கன்னியப்பர்தான் பதினைந்து வருஷமாக முறை அளந்துவருகிறாராம்.

"யோவ் கன்னியப்பா! பதினஞ்சு வருசமா என் தண்ணிய உன் தலையா குடிச்சிது?"

வேப்பமரத்துக் காக்கைகள் பறந்துபோகிற அளவுக்குச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கன்னியப்பர் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டேன். அந்த மனுஷர் ஒரு கையால் முண்டாசை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவரும் தெரிந்து செய்யவில்லை. எனக்கு அது தெரியும், என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

"நேத்து வந்தவ என் தலைல கை வெக்கறா," என்றார். "உசுரு போனாலும் இத எறக்க மாட்டேன். எங்க முறைக்கு இனிமே பட்டம்மா அளக்கட்டும்."

நாட்டாமைக்காரர் தீர்ப்புச் சொன்னார். இரண்டு பக்கமும் போன தண்ணீர் போகட்டும். யார் அளந்தாலும் வெறுந்தலை. நாளைக் காலை முதல் முறை வந்தவர்களுக்கு, கன்னியப்பர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எட்டடிக்கு மேல் ஒரு சால் இறைத்தாலும் அன்றே வண்டி கட்ட வேண்டும்.

வால் கிழிந்தது

மறுநாள் விடியும்போதே மாட்டைப் பூட்டினோம். பேச்சிலும் வழக்கிலும் முந்தின நாள் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் கட்டாமல் நாற்று தலை சாய்ந்திருந்தது. இன்று நனையாவிட்டால் அவ்வளவுதான். கன்னியப்பர் முண்டாசோடு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

பாதி நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும். மேலே வந்த சாலில் இருந்து பாதித் தண்ணீர் சளசளவென்று கிணற்றுக்குள்ளேயே திரும்பிக் கொட்டியது. தோல் வால் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

சால் கிழிந்தாலும் கயிறு அறுந்தாலும் முறைக் கணக்கு நிற்காது, அது வழக்கம். வேறு வால் இல்லை. காதர் பாய் முந்தின நாளே குடியாத்தம் சந்தைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் தன் துண்டைச் சுற்றிப் பார்த்தார், எட்டவில்லை. நான் என் நிழலைப் பார்த்தேன். அது சுருங்கிக்கொண்டே வந்தது. நாற்றங்காலின் மறுபாதி அப்படியே காய்ந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே சேற்றுக் கையோடு அழுதேன்.

கன்னியப்பர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கிணற்றில் மிச்சம் இருப்பதெல்லாம் அவர் பக்கத்துக்குத்தான் போகும். நாற்று காய்ந்து வெள்ளாமை கெட்டால் எங்கள் பாதி நிலமும் அவரிடம் போகும்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை, நாற்றைப் பார்த்தார். பிறகு எழுந்து கிணற்று மேட்டுக்கு வந்தார். நின்றார். இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோய் முண்டாசை அவிழ்த்தார்.

அடடா! உள்ளே ஒரு மயிர் இல்லை. வெயிலே பார்க்காத தலை, உரித்த நுங்கு மாதிரி பளபளவென்று இருந்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டார். நான் அழுகையை மறந்து வாயைப் பிளந்தேன்.

"எல்லாரும் பாத்தாச்சா?" என்றார் கன்னியப்பர். "பாத்துட்டா அந்த வாலத் தூக்கிப் புடிங்க."

எட்டு முழத்தையும் தண்ணீரில் நனைத்து, கிழிசலின் மேல் சுற்றுச் சுற்றாக இறுக்கி முடிச்சுப் போட்டார். சால் இறங்கியது. ஏறியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ஓட்டுடா," என்றார். அதோடு நிற்காமல் வெயிலில் போய் நின்று, தன் நிழலைத் தானே அளந்தார். அந்த வழுக்கைத் தலையின் நிழல் வரைக்கும், குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட. "ஒம்பதடி. இன்னும் ஒரு அடி கீது. வால் கட்டின நேரத்தயும் சேத்து எறைங்க, நாட்டாமைகிட்ட நான் சொல்லிக்கறேன். நாத்து இன்னா பாவம் பண்ணிச்சி?"

நாற்றங்கால் முழுக்க நனைந்தது. நான் மடையை மூடிவிட்டு வந்தபோது அவர் மேட்டில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜில்லுனு கீது," என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "இத்தினி வருசம் வீணா வேர்த்துக்கினு கெடந்திருக்கேன்." பிறகு என்னைப் பார்த்தார். "ஏ பொண்ணு, அந்தப் பானைல கூழு கீதா இல்ல வெறும் நிழலா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊற்றிக் கொடுத்தேன். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு இரண்டு சொம்புக் கூழ் குடித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா.

களத்தில்

அந்த வெள்ளாமை நன்றாக வந்தது. கதிர் அறுத்துக் களத்தில் குவித்த அன்று நாட்டாமைக்காரர் வந்து, இவர்கள் இருக்கலாமா போக வேண்டுமா என்று ஊரைக் கேட்டார். கன்னியப்ப மாமா வெறுந்தலையோடு எழுந்தார்.

"இவங்க எங்க போறது? அந்தப் பொண்ணு போய்ட்டா என் நிழல சரி பாக்க ஊர்ல வேற யாரு கீறாங்க?"

பேச்சு அதோடு முடிந்தது. பட்டம்மா அத்தைதான் முதல் குலவை போட்டாள். நாங்கள் வண்டியைக் கட்டவே இல்லை. அதன் சக்கரத்தைக் கழற்றிக் களத்தோரம் சாய்த்துவைத்தோம். அதன் ஆரக்கால்களுக்கு இடையே பூசணிக்கொடி ஏறிக் காய்த்தது.

வால் கட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மூன்று முறை துவைத்தேன். தோலின் பழுப்புக் கறை போகவில்லை. எனக்கு அப்போது நிறைமாதம். கூச்சப்பட்டுக்கொண்டே எடுத்துப் போனேன். மாமா வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"கறை பட்டத தலைல கட்டுவேனா? பொறக்கப்போறதுக்குத் தூளி கட்டு. எட்டு முழம் கீது, நல்லாத் தாங்கும்."

கிணற்றடி வேப்பங்கிளையில்தான் அந்தத் தூளியைக் கட்டினேன். மாமா நிழல் அளக்க வரும்போதெல்லாம் தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "பானைய எறக்கிட்டியாம்மா?" என்று என்னைக் கேட்பார். அதில் தூங்கி வளர்ந்தவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறவள்.

இந்த இடத்தில் எழுதுவது நின்றுவிட்டது, மீதியை அவள் பிறகுதான் எழுதினாள். என் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, தையல் மெஷின் மேல போத்தி வெச்சிருக்கியே, அந்தப் பழுப்பு பட்ட துணியா?"

"அதுதான்."

"அது ஏதோ டீக்கறைன்னு இத்தினி வருஷமா நெனச்சிக்கினு கீறேன்!"

எழுந்து போனாள். துணியை உருவினாள். கண்ணாடி முன்னால் நின்று சுற்றுச் சுற்றாகத் தலையில் கட்டினாள். தூளியாக இருந்ததை முண்டாசாக்கிக்கொண்டு, அப்படியே முற்றத்து வெயிலில் போய் நின்று தன் நிழலைக் குனிந்து பார்த்தாள். தலை நரைக்கத் தொடங்கிய பள்ளிக்கூட வாத்தியாரம்மா, குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்ட வைத்து அடி எண்ணுகிறாள்!

"எறக்கிட்டு அளடி," என்று உள்ளே இருந்து கத்தினேன். "அடுத்தவங்க தண்ணி அது!"